ரிலீவுக்கு வந்த மிஸ்

(கல்வி, வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவர் பதில் தருகிறார்.)

கேள்வி: அன்புள்ள ரீச்சர், எனக்கு 26 வயது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. நியமனம் வரும்வரை சும்மா இருக்காமல், லீவில் போகும் ஆசிரியர்களுக்குப் பதிலாகப் படிப்பிக்கலாம் என்று டவுனில் நான்கு பாடசாலைகளுக்குக் கடிதம் கொடுத்தேன். நான்கிலும் "வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். ஒரு மாதமாகிறது, ஒரு அழைப்பும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு பதவியே இல்லையாம். எங்கே தொடங்குவது? இதை மாதாமாதம் காசு வருகிற வேலையாக்க முடியுமா?
– வாசகி, பாலையூற்று

பதில்: வலயத்தில் உங்களுக்குச் சொன்னது உண்மைதான், பிள்ளை. வெளிநாடுகளில் பதிலாசிரியர் என்று பெயர் பதிந்து வைத்து, காலையில் கூப்பிட்டு, நாள்கூலி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம்முடைய அரச பாடசாலைகளில் அது கிடையாது. இங்கே ஒருவர் லீவு போட்டால், அன்றைக்கு ஓய்வுப் பாடவேளை உள்ள மற்ற ஆசிரியர்கள்தான் அந்த வகுப்புகளைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். அதைத்தான் ரிலீவு என்கிறோம்.

நான் 11 வருடம் அந்த ரிலீவுப் புத்தகத்தை எழுதியவள். நீளமான கோடு போட்ட கொப்பி. காலை 7.10க்கு மேசையில் விரித்து, வராதவர்களின் பெயரைச் சிவப்பில் இடப்பக்கம் எழுதுவேன். எதிரே எட்டுப் பாடவேளைக்கு எட்டுப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் யாரோ ஒருவருடைய ஓய்வைப் பறித்து எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் தோளுக்கு மேலால் நாலு தலை எட்டிப் பார்க்கும். "ரீச்சர், நேற்றும் எனக்குத்தானே போட்டீங்கள்?" என்பார்கள். காய்ச்சல் காலத்தில் ஏழெட்டுப் பேர் வராத நாட்களில், இரண்டு வகுப்பை ஒன்றாக மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, அதிபர் அந்தப் பக்கம் வராமலிருக்க வேண்டும் என்று கோணேசரை வேண்டிக்கொள்வேன்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், ஒரு நாள் இரண்டு நாள் லீவுக்கு வெளியாள் யாரையும் பாடசாலை தேடாது. உள்ளுக்குள் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாத நீளமான இடைவெளி விழும்போதுதான் உங்களைப் போன்றவர்களை நினைப்பார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த நீள இடைவெளியை.

அதில் முதலாவது பிரசவ லீவு. அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாள். சனி, ஞாயிறு, அரச விடுமுறைகள் அந்தக் கணக்கில் சேராது என்பதால் கிட்டத்தட்ட நான்கு மாதம். அதன்பிறகு அரைச் சம்பளத்தில் இன்னொரு 84, சம்பளமில்லாமல் இன்னொரு 84 என்று எடுக்கவும் வழி இருக்கிறது. ஒரு ரீச்சர் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறார் என்பது பாடசாலைக்குப் பல மாதம் முன்கூட்டியே தெரியும். இடைவெளி விழப்போகும் திகதியே தெரிகிற ஒரே லீவு அதுதான். இரண்டாவது, சம்பளமற்ற லீவில் வெளிநாடு போனவர்களின் இடம். மூன்றாவது, மாற்றலாகிப் போய் பதிலுக்கு ஆள் வராத இடம். நான்காவது, ஓய்வு. 2022 டிசம்பர் 31ஆம் திகதி, அறுபதைத் தொட்ட அரச ஊழியர்கள் நாடு முழுக்க ஒரேயடியாக ஓய்வுபெற்றார்களே, நானும் அன்றைக்குத்தான் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தவணைக்கு என் வகுப்பை யார் எடுத்தார்கள் என்று கேட்டால், மூன்று பேர் மாறி மாறி ரிலீவு.

சரி, இப்படி எடுக்கப்படுகிறவருக்குக் காசு யார் கொடுப்பது? வலயம் கொடுக்காது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுக்கும், அல்லது பழைய மாணவர் சங்கம் கொடுக்கும். இரண்டுமே கூட்டம் கூடித்தான் முடிவெடுக்கும். அதிபர் உங்களைப் பார்த்த உடனே "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லாததற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தவணை தொடங்கியபிறகு கடிதம் கொடுத்தால் கூட்டம் முடிந்திருக்கும். முந்தின தவணை முடிய இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது போங்கள்.

போகும்போது யாரைப் பார்ப்பது? நீங்கள் நான்கு இடத்திலும் அதிபரின் கந்தோரில் கடிதம் கொடுத்திருப்பீர்கள். அது ஃபைலுக்குள் போய்விடும். நேரசூசி போடுகிற பிரதி அதிபரையும் பாருங்கள். எந்த வகுப்பு ஆளில்லாமல் கிடக்கிறது என்று அவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். காலை 7.30க்குப் போய் நிற்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு மனிதர்களே தெரியாது. இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனபிறகு போங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். "தகுந்த பதவி ஏதேனும் வழங்குமாறு தாழ்மையுடன்" என்று எழுதினால் உங்களை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று ஒருவருக்கும் விளங்காது. என்ன பாடம், எந்தத் தரம், எந்தெந்த நாள், வீட்டிலிருந்து வர எத்தனை நிமிடம், தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். உங்களுக்குப் புவியியல் கையில் இருக்கிறது. ஆனால் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் ஆளில்லாமல் தவிப்பது கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு, சில இடங்களில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கும். புவியியலுக்கு மட்டும் என்று நின்றால் நிற்கவேண்டியதுதான். தரம் 6 முதல் 9 வரை புவியியல், வரலாறு, குடியியற் கல்வி மூன்றும் எடுக்க முடியும் என்று எழுதுங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ 'ஏ' இருந்தால் வெட்கப்படாமல் அதையும் எழுதுங்கள். தரம் 6 கணிதத்துக்கு ஆள் கிடைக்கிறார் என்றால் உங்கள் பட்டம் எதில் என்று யாரும் தோண்ட மாட்டார்கள். பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கின்றன, ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில். போனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். "பாடத்திட்டம் தெரியுமா?" என்று கேட்டால் அந்த இடத்திலேயே திறந்து காட்டலாம்.

என்னுடைய ரிலீவுப் புத்தகத்தின் அட்டைக்கு உட்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மூன்று பெயர், மூன்று இலக்கம். மூன்றுமே முன்பு வந்து படிப்பித்துப் போன பிள்ளைகள். பெரிய இடைவெளி விழுந்தால் முதலில் அந்தத் துண்டைத்தான் பார்ப்பேன், ஃபைலை யார் தேடுவது? அதிலும் முதலில் கூப்பிட்டது எங்கள் ஒழுங்கைப் பிள்ளையை. படிப்பில் கூடிய ஆள் என்றில்லை, காலை ஆறே காலுக்கு எடுத்தால் இரண்டாவது மணியில் "ஓம் ரீச்சர்" என்பாள். இன்னொருத்தி பெரிய கெட்டிக்காரி, ஆனால் அவளுடைய போனில் ஒரு பக்திப் பாட்டு முழுவதும் ஓடி முடிந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

டவுனை மட்டும் சுற்றாதீர்கள். இங்கே பெரிய பாடசாலைகளுக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. பட்டதாரி பயிலுநராக எடுக்கப்பட்டு அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இருப்பவர்களும் அதே வகுப்புகளைத்தான் எடுக்கிறார்கள். குச்சவெளிப் பக்கம், மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று போனால் கதை வேறு. ஆனால் பஸ் காசைக் கணக்குப் பாருங்கள். சங்கம் தருகிற தொகையில் பாதி பஸ்ஸுக்கே போனால் அது வேலையில்லை, சுற்றுலா. டவுனிலிருந்து அந்தப் பக்கம் போகிற ரீச்சர்மார் சேர்ந்து வான் பிடித்துப் போவார்கள். அந்த வானில் ஒரு இருக்கை கேட்டுப் பாருங்கள். செலவு குறையும் என்பது ஒரு பக்கம். எந்தப் பாடசாலையில் யார் முழுகாமல் இருக்கிறார், யாருக்கு மாற்றல் வந்திருக்கிறது, எந்த அதிபர் கணித ரீச்சருக்காக அழுதுகொண்டிருக்கிறார் எல்லாம் காலை ஆறரைக்கு அந்த வானுக்குள் பேசி முடிந்துவிடும். வலயத்துக்கே அது பிந்தித்தான் தெரியும்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 1988இல் எனக்கும் உங்கள் வயது. மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தேன். இப்போது போல் கிண்ணியாவில் பாலம் இல்லை, அது 2009இல்தான் வந்தது. காலையில் துறைமுகத்தடியில் லோஞ்ச் ஏறி, சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால், இறங்கும்போது முகமெல்லாம் உப்பு. கச்சான் காற்றடிக்கும் நாளில் லோஞ்ச் இல்லையென்றால் திரும்பி வீட்டுக்கு. எட்டு மாதம் போனேன். ஒரு சதம் கிடையாது, அதற்குச் சம்மதித்துத்தான் போனேன். பிறகு நேர்முகத்தேர்வில் "அனுபவம் உண்டா?" என்றார்கள். "ஓம், எட்டு மாதம்." "கடிதம்?" இல்லை. பாடசாலைக்கு ஓடினேன். அதிபர் மாறியிருந்தார். புதியவர் நல்ல மனிதர், பாடசாலையில் நடப்பதையெல்லாம் அதிபர் பதிந்து வைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை என் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டினார். என் பெயர் ஒரு வரியிலும் இல்லை. தரம் 7 பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்து "மிஸ் வந்திட்டா" என்று கத்துகிறார்கள், காகிதத்தில் நான் அந்தப் பாடசாலைக்கு வந்ததே இல்லை. அந்த முறை எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறு வழியில் கிடைத்தது.

அதனால் ஒரு கிழமை படிப்பித்தாலும் சரி, மூன்று விஷயம் கேட்டுப் பெறுங்கள். இன்ன திகதியிலிருந்து இன்ன பாடத்துக்கு என்று அதிபரின் கையெழுத்துக் கடிதம். நீங்கள் கடமையேற்ற நாள் சம்பவத் திரட்டில் பதியப்பட வேண்டும். முடித்துப் போகும் நாளில் சேவைச் சான்றிதழ், "பிறகு வாங்கோ" என்றால் அடுத்த நாளே போய் நில்லுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்படாதீர்கள். நானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஐந்து நிமிட வேலை.

காசு பற்றியும் முதல் நாளே பேசுங்கள். நாளுக்கா மாதத்துக்கா, எந்தத் திகதியில், யார் கையால், ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்கு உண்டா இல்லையா. பெரும்பாலும் இல்லை. அந்த மாதங்களுக்கு இப்போதே ஒரு வழி வைத்திருங்கள். காசே இல்லாமல் தொண்டராக வரச் சொன்னால்? ஒரு தவணை போகலாம், வகுப்பில் நின்று பழக. அதற்கு மேல் வேண்டாம். "இருந்துகொண்டிரு பிள்ளை, பிறகு நிரந்தரமாக்குவார்கள்" என்று சொல்வார்கள். மாகாணத் தலைநகர் நம் ஊர் என்பதால், அப்படி வருடக்கணக்காய் இருந்துவிட்டு நியமனம் கேட்டு வெயிலில் உட்கார்ந்திருந்த தொண்டர் ஆசிரியர்களை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவர்களில் என் மாணவிகளும் இருந்தார்கள். ஒருத்திக்கு முன்தலை நரைத்திருந்தது.

மாதாமாதம் காசு வர வேண்டுமென்றால் ஒரே இடத்தை நம்பாதீர்கள். ஒரு பாடசாலையில் கிழமைக்கு மூன்று நாள், இன்னொன்றில் இரண்டு நாள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சங்கத்துக்கு ஐந்து நாளுக்குக் காசு கொடுக்க ஏலாது, மூன்று நாளுக்கு ஏலும். பின்னேரம் ரியூசன் வையுங்கள், ஆனால் காலையில் நீங்கள் படிப்பிக்கிற அதே வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இது என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தலையும் விடாமல் பாருங்கள். வயதெல்லை ஒவ்வொரு அறிவித்தலிலும் போட்டிருக்கும். நேர்முகத்தோடு சின்னப் பாடம் ஒன்று எடுத்துக் காட்டச் சொல்வார்கள். ரிலீவுக்குப் போய் வகுப்பில் நின்றவருக்கு அதில் கை நடுங்காது.

கேள்வி: ஆறு கிழமையாக ஒரு பாடசாலையில் லீவுக்குப் பதிலாக வணிகக் கல்வி எடுக்கிறேன். என் வகுப்பில் பிரச்சினை இல்லை. ஆனால் இடையில் ரிலீவுக்கு என்று தரம் 8க்கு அனுப்பினால் மீன்சந்தை மாதிரி இருக்கிறது. "சேர், வெளியில விடுங்கோ" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.
– வாசகர், மூதூர்

பதில்: கத்துவதை விடுங்கள் தம்பி. தரம் 8 உங்களை விட நன்றாகக் கத்தும்.

ரிலீவுக்கு வந்தவர் வாசலில் நின்று "என்ன பாடம்?" என்று கேட்டாலே தோற்றுவிட்டார். கேட்காமல் உள்ளே போய், கரும்பலகையைத் துடைத்து, திகதியை எழுதி, அதன் கீழ் ஒரு வேலையை எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம். எந்தத் தரத்துக்கும் எடுபடுகிற வேலை ஒன்று என்னிடம் இருந்தது: "உன் வீட்டிலிருந்து பாடசாலை வரைக்கும் உள்ள பாதையைப் படமாக வரை. வழியில் வருகிற ஐந்து இடங்களைக் குறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுது." ஒற்றைத் தாள், 40 நிமிடம். குழப்படிக்காரன்தான் இதில் மூழ்கிப் போவான், ஏனென்றால் ஊரெல்லாம் சுற்றுகிறவன் அவன்தானே. டவுனில் ஒருவன் பஸ் நிலையத்தை வரைந்து, அதில் பேப்பர் தின்கிற மானையும் வரைந்து, "இவர் தினமும் எனக்கு முதல் வந்துவிடுவார்" என்று எழுதியிருந்தான். திருமலை மான்களைப் பற்றி அதைவிட நல்ல வசனம் நான் படித்ததில்லை. உங்கள் பிள்ளைகள் இறங்குதுறையையும் பள்ளிவாசலையும் குளத்தையும் வரைவார்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் வகுப்புத் தலைவரைக் கூப்பிட்டு யார் எங்கே இருப்பது என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். வெளியே போக வேண்டுமென்றால் ஒருவர் திரும்பி வந்தபிறகு அடுத்தவர். மணியடித்ததும் என்ன செய்தீர்கள், யார் வரவில்லை என்று நாலு வரி எழுதி மேசைக்குள் வைத்துவிட்டு வாருங்கள். லீவு முடிந்து வரும் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஓய்வறையில் உங்கள் பெயரைக் கேட்பார். என் துண்டில் இருந்த மூன்று பெயரில் ஒன்று அப்படித்தான் ஏறியது.

கேள்வி: தனியார் பாடசாலை ஒன்றில் பிரசவ லீவுக்குப் பதிலாக நான்கு மாதம் கூப்பிடுகிறார்கள். சம்பளம் பரவாயில்லை. "தற்காலிகம்தானே" என்று கடிதம் தர மறுக்கிறார்கள், ஊழியர் சேமலாப நிதியும் இல்லையாம்.
– வாசகி, உவர்மலை

பதில்: தற்காலிகமாக வேலை செய்தாலும் ஊழியர் ஊழியர்தான். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம் கட்ட வேண்டும். இதை ஒருதரம் மரியாதையாக நினைவுபடுத்துங்கள். மாட்டேன் என்றால் தொழில் அலுவலகம் இருக்கிறது. கடிதத்துக்கு அவர்கள் மறுத்தால், நீங்களே நிபந்தனைகளை எழுதி மின்னஞ்சலில் அனுப்பி "சரிதானே?" என்று கேளுங்கள். "சரி" என்று ஒரு சொல் பதில் வந்தாலும் அதை அச்செடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்று ஒரு வருடம். வீட்டில் இருக்க முடியவில்லை. பழைய பாடசாலையிலேயே ரிலீவுக்குப் போகலாமா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: வேறு பாடசாலைக்குப் போங்கள் சேர். பழைய இடத்தில் உங்கள் கதிரையில் இப்போது ஒருவர் இருக்கிறார். அவர் எழுந்து இடம் கொடுப்பார், அதுதான் சிக்கல்.

கேள்வி: நாலு மாதத்துக்குத்தான் போகிறேன். தினமும் சேலை கட்டத்தான் வேண்டுமா ரீச்சர்? எனக்குக் கட்டவே தெரியாது.
– வாசகி, அன்புவழிபுரம்

பதில்: முதல் நாளுக்கு முன் அந்தப் பாடசாலை வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று, உள்ளே போகிற ரீச்சர்மாரைப் பாருங்கள். எல்லோரும் சேலை என்றால் நீங்களும் சேலை. பருத்திச் சேலை மூன்று போதும், பட்டு வேண்டாம், வெண்கட்டித் தூளுக்கும் திருமலை வெயிலுக்கும் அது தாங்காது. மடிப்பை இரவே பிடித்து ஊசி குத்தி அயன் பண்ணி வைத்துவிட்டால் காலையில் ஆறு நிமிடம். முதல் கிழமைக்குக் கொழுவூசி நாலு கூடுதலாகக் கைப்பையில் வைத்திருங்கள், தரம் 6 பிள்ளைகள் தலைப்பைப் பிடித்து இழுத்துத்தான் "மிஸ்" என்று கூப்பிடும்.